ஷெஃபீல்டு யுனைடெட் ஏன் பிளேஆஃபில் ஜெயிப்பதே இல்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் குடியிருக்கிறீர்கள். பதினோரு வயது மகன் ஷெஃபீல்டு யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகன். 2025 மே 24 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த பிளேஆஃப் இறுதிப்போட்டியில் சண்டர்லேண்டிடம் 95-வது நிமிடத்தில் தோற்றதைப் பார்த்துவிட்டு, "நம்ம டீமுக்கு சாபம்பா" என்று அழுதிருக்கிறான். பத்து முறை பிளேஆஃபுக்குப் போய் பத்து முறையும் வெறுங்கையோடு திரும்பிய அணி இது. இதெல்லாம் துரதிர்ஷ்டம்தானா, இல்லை அணிக்கே ஏதாவது மனக்கோளாறா, மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் பட்ட தோல்வி, அவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்தச் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்து வருகிறவர்களையும் தோற்கடிக்குமா? உண்மையில் நீங்கள் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் புள்ளியியல் படித்தவன். பன்னிரண்டு வருடமாகக் கீழ்நிலை லீக் அணிகளுக்கு ஆட்டங்களை அலசிக் கொடுப்பதுதான் வேலை. 2011 முதல் 2013 வரை ஷெஃபீல்டில் படித்ததால் இந்த அணியின் மேல் எனக்குப் பற்றும் உண்டு. அதனால் கணக்கு சம்பந்தப்பட்ட இடங்களில் உறுதியாகப் பேசுவேன். மனம் சம்பந்தப்பட்ட இடங்களில் மற்றவர்களின் ஆய்வுகளையும், ஆட்டக்காரர்களோடு பழகியதில் கண்டதையும் வைத்துத்தான் பேச முடியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொரு அணியும் ஒரு சீசனுக்கு 46 ஆட்டம் ஆடுகிறது. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராக முதல் நிலையான பிரீமியர் லீக்குக்கு ஏறிவிடுவார்கள். 2025-ல் இருந்த விதிப்படி, மூன்று முதல் ஆறு வரை உள்ள நான்கு அணிகள், மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்காகத் தங்களுக்குள் மோதிக்கொள்ளும். அதுதான் பிளேஆஃப். அரையிறுதியில் இரண்டு ஆட்டம், இறுதியில் ஒன்று, ஆக மூன்றே ஆட்டம். 1987-ல் தொடங்கிய ஏற்பாடு இது. கீழே உள்ள லீக்குகளிலும் உண்டு. 2025-ல் ஜெயிக்கும் அணிக்குக் கிடைக்கக்கூடிய கூடுதல் வருமானம் குறைந்தது 200 மில்லியன் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். பத்து மாத உழைப்பின் பலன் மூன்று ஆட்டங்களில் தொங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

யுனைடெட்டின் கதை 1988-ல் ஆரம்பிக்கிறது. அப்போது விதி சற்று வேறு. மேல் டிவிஷனில் கீழே விழும் நிலையில் இருந்த ஓர் அணியும் பிளேஆஃபில் சேர்க்கப்பட்டது. அப்படி வந்த யுனைடெட் பிரிஸ்டல் சிட்டியிடம் தோற்று மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. அடுத்தது 1997. வெம்ப்ளியில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக ஆட்டம் கோலே இல்லாமல் 90-வது நிமிடம் வரை வந்துவிட்டது. எல்லாரும் கூடுதல் நேரத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்து பேலஸ் ஆட்டக்காரர் டேவிட் ஹாப்கின் காலுக்கு வந்தது. அவர் வளைத்து அடித்த அடி கோலின் மேல் மூலைக்குள் போய் விழுந்தது. ஊரில் வயதானவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், இன்றைக்கும் பேச்சு நின்றுவிடும். 1998-ல் அரையிறுதியில் சண்டர்லேண்டிடம் தோல்வி. 2003-ல் கார்டிஃபில் நடந்த இறுதியில் வுல்வ்ஸிடம் 0-3. மூன்று கோலும் முதல் பாதியிலேயே விழுந்துவிட்டன. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியை மைக்கேல் பிரவுன் அடிக்க, கீப்பர் மாட் மர்ரே தடுத்துவிட்டார். 2009 இறுதியில் பர்ன்லியிடம் 0-1. வேட் எலியட் 13-வது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டார். மீதி நேரம் முழுக்க முட்டி மோதியும் பதில் வரவில்லை. யுனைடெட்டின் ஜேமி வார்டு இரண்டு முறை பந்தைக் கையால் தொட்டு இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறியதுதான் மிச்சம்.

2012-ஐக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் பார்த்தேன். அப்போது யுனைடெட் மூன்றாம் நிலையான லீக் ஒன்னில் இருந்தது. 90 புள்ளி எடுத்தும் மூன்றாம் இடம்தான். இரண்டாம் இடத்தைப் பிடித்து நேராக ஏறியது, அதே ஊரின் பரம எதிரியான ஷெஃபீல்டு வென்ஸ்டே. இறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பிரமால் லேன் மைதானத்துக்குப் பக்கத்தில் லண்டன் ரோட்டில் ஒரு பப்பில் நின்றுகொண்டிருந்தேன். பெனால்டியில் ஹடர்ஸ்ஃபீல்டு முதல் மூன்று உதைகளையும் தவறவிட்டது. அந்த நிமிடத்தில் அங்கே இருந்த ஒருவர்கூட தோற்போம் என்று நினைத்திருக்க மாட்டார். ஆனால் யுனைடெட்டும் தவறவிட்டு, சமன் ஆகி, ஒவ்வொருவராக அடித்து, கடைசியில் கீப்பர்கள் இருவரும் அடிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. ஹடர்ஸ்ஃபீல்டு கீப்பர் அலெக்ஸ் ஸ்மிதீஸ் அடித்துவிட்டார். இந்தப் பக்கம் ஸ்டீவ் சிமன்சன் பந்தை வைத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த எழுபது வயதுக்காரர் டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றார். உதை கோல் கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது. அது 22-வது உதை. 8-7. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் முகத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. கிளாஸை மெல்ல மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பிறகு 2013 அரையிறுதியில் யோவில் அணியிடம் 85-வது நிமிட கோலில் தோல்வி. 2015-ல் ஸ்விண்டனிடம், இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 6-7. அதில் இரண்டாவது ஆட்டம் மட்டும் 5-5. 2022-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் பெனால்டியில், ஃபாரஸ்ட் கீப்பர் பிரீஸ் சாம்பா மூன்று உதைகளைத் தடுத்ததால். கடைசியாக 2025. அரையிறுதியில் பிரிஸ்டல் சிட்டியை மொத்தம் 6-0 என்று துவைத்துவிட்டு வந்தார்கள். இறுதியில் டைரீஸ் கேம்பல் முதல் கோல் அடித்தார். ஹாரிசன் பரோஸ் அடித்த இரண்டாவது கோலை, சக வீரர் ஆஃப்சைடில் கீப்பரின் பார்வையை மறைத்தார் என்று வி.ஏ.ஆர். (வீடியோ நடுவர் முறை) ரத்து செய்தது. 76-வது நிமிடத்தில் சண்டர்லேண்டின் மயெண்டா சமன் செய்தார். 95-வது நிமிடத்தில் டாம் வாட்சன் முடித்துவிட்டார். அவருக்குப் பத்தொன்பது வயது. அடுத்த சீசனுக்கு பிரைட்டன் அணியோடு முன்பே ஒப்பந்தம் ஆகியிருந்ததால், சண்டர்லேண்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது.

இப்படி வரிசையாகச் சொல்லும்போது எனக்கே சாபம் என்ற சொல் தொண்டைவரை வருகிறது. "பட்ட காலிலே படும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். ஆனால் அந்தப் பழமொழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலில் புண் இருக்கும்போது அங்கே இடித்தால் வலி தெரிகிறது, நினைவில் நிற்கிறது. நல்ல காலில் நாள் முழுக்க இடித்தாலும் நாம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அதனால் வலியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். 1988-ஐ அதன் தனி விதிக்காக ஒதுக்கிவிட்டால் ஒன்பது அரையிறுதிகள். அவற்றில் யுனைடெட் ஐந்தில் ஜெயித்திருக்கிறது, நான்கில் தோற்றிருக்கிறது. நாணயத்தைச் சுண்டினால் எப்படி வருமோ அப்படித்தான் இதுவும். தோற்ற நான்கு அரையிறுதிகளிலும் (1998, 2013, 2015, 2022) எதிரணி லீக் பட்டியலில் யுனைடெட்டுக்கு மேலே முடித்த அணி. அந்த நான்கில் அதிர்ச்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. அரையிறுதியில் முடங்கிப்போகும் அணி இது இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஆக நாம் 'பத்துத் தோல்வி' என்று பேசும் விஷயத்தின் உண்மையான மையம் ஐந்தே ஐந்து இறுதிப்போட்டிகள்தான். 1997-க்கும் 2025-க்கும் நடுவே, 28 வருடத்தில் சிதறிக் கிடக்கும் ஐந்து ஆட்டங்கள். அந்த ஐந்திலும் எதிரணி பட்டியலில் யுனைடெட்டுக்குக் கீழே முடித்த அணி என்பதும் உண்மை. 2025-ல் சண்டர்லேண்டைவிட யுனைடெட் 14 புள்ளி அதிகம். அதனால்தான் இந்த ஐந்தும் இவ்வளவு வலிக்கின்றன.

சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதினால் ஐந்திலும் ஒரே அணி தோற்க வாய்ப்பு 32-ல் ஒன்று. யுனைடெட் கொஞ்சம் பலமான அணி, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க நூற்றுக்கு 60 வாய்ப்பு என்று வைத்தால், ஐந்திலும் தோற்க ஏறத்தாழ நூற்றில் ஒன்று. இந்த இடத்தில் பலரும் "நூற்றில் ஒன்றா, அப்படியென்றால் இது தற்செயல் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். காரணம், இந்த அணியைக் கேள்விக்கு எடுத்துக்கொண்டதே அது தோற்றுக்கொண்டே இருப்பதால்தான். ஒவ்வொரு வருடமும் மூன்று லீக்குகளில் பன்னிரண்டு அணிகள் பிளேஆஃபுக்கு வருகின்றன, ஒன்பது தோற்றுத் திரும்புகின்றன. 1987 முதல் 2025 வரை கூட்டினால் 351 தோல்விகள். இவ்வளவு தோல்விகளைச் சுமார் நூறு அணிகளுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு வாரி இறைத்தாலும், யாரோ ஒருவர் மடியில் அளவுக்கு மீறி விழத்தான் செய்யும். ஒரு ஊரில் லாட்டரி விழுந்தவரைப் பார்த்து "இவருக்கு எப்படி?" என்று கேட்பதும், யாருக்காவது விழுமா என்று கேட்பதும் வேறு வேறு கேள்விகள்.

இதற்கு நல்ல சாட்சிகள் பிரெஸ்டனும் பிரென்ட்ஃபோர்டும். பிரெஸ்டன் ஒன்பது முறை பிளேஆஃபில் தோற்றது. அங்கேயும் சாபம் என்றுதான் பேசினார்கள். பத்தாவது முறை, 2015-ல், வெம்ப்ளியில் 4-0 என்று ஜெயித்தது. யாரை என்று பாருங்கள்: அரையிறுதியில் யுனைடெட்டை 7-6 என்று வெளியேற்றிய அதே ஸ்விண்டனை. பிரென்ட்ஃபோர்டும் ஒன்பது முறை தோற்றுவிட்டு, 2021-ல் ஸ்வான்சீயை 2-0 என்று ஜெயித்து பிரீமியர் லீக்குக்குப் போனது. இன்றைக்கு அவர்களைப் பற்றி யாரும் சாபம் என்ற சொல்லை எடுப்பதே இல்லை. நான்கு பேரில் ஒருவருக்குத்தான் இடம் என்னும்போது பத்து முறை போயும் கிடைக்காமல் இருக்க வாய்ப்பு ஏறத்தாழ 18-ல் ஒன்று. அரிதுதான், ஆனால் அதிசயம் இல்லை. மூன்று அணிகள் ஒன்பது தோல்வியோடு வரிசையில் நின்றன. இரண்டுக்குப் பத்தாவதில் கதவு திறந்தது, ஒன்றுக்குத் திறக்கவில்லை.

இரண்டாவது உறுதியான விஷயம், இது ஒரே அணி இல்லை என்பது. பத்து பிளேஆஃபுக்கும் பத்து வெவ்வேறு மேலாளர்கள்: டேவ் பாசெட், ஹோவர்ட் கெண்டல், ஸ்டீவ் தாம்சன், நீல் வார்னாக், கெவின் பிளாக்வெல், டேனி வில்சன், கிறிஸ் மார்கன், நைஜல் கிளஃப், பால் ஹெக்கிங்பாட்டம், கிறிஸ் வைல்டர். ஒருவர்கூட இரண்டு முறை வரவில்லை. இவர்களில் பாசெட் 1988-ல் இறங்கிய அணியை 1989, 1990 என்று அடுத்தடுத்த இரண்டு சீசனில் மேலேற்றி, அப்போது உச்ச லீக்காக இருந்த முதல் டிவிஷனுக்கே கொண்டுபோனவர். வார்னாக் 2006-ல் நேரடியாக ஏற்றினார். வைல்டர் 2017-ல் 100 புள்ளியோடு லீக் ஒன் பட்டம் வென்று, 2019-ல் பிரீமியர் லீக்குக்கும் கொண்டுபோனார். ஹெக்கிங்பாட்டம் 2022-ல் தோற்ற அடுத்த வருடமே, 2023-ல், இரண்டாம் இடம் பிடித்து ஏற்றினார். மேலாளர்களுக்கோ அணிக்கோ அழுத்தத்தைத் தாங்கத் தெரியவில்லை என்றால் இந்த ஏற்றங்கள் நடந்திருக்காது. ஏப்ரல் மாதத்தில் இரண்டாம் இடத்தைத் தக்கவைத்துக்கொள்வதும் அழுத்தம்தான்.

தோற்ற விதங்களையும் பாருங்கள். மன உறுதி இல்லாத அணி என்றால் ஒரே மாதிரி உடைய வேண்டும். 1997, 2013, 2025 ஆகியவை கடைசி நேரத் தோல்விகள். ஆனால் 2003-ல் முதல் பாதியிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. 2009-ல் 13-வது நிமிடத்தில். 2015-ல் இதற்கு நேர் எதிர்: ஸ்விண்டன் மைதானத்தில் ஆரம்பத்திலேயே மூன்று கோல் பின்தங்கிவிட்டு, விடாமல் துரத்தி ஐந்து கோல் அடித்தார்கள். 2022-ல் சொந்த மைதானத்தில் தோற்ற பிறகு ஃபாரஸ்ட் மைதானத்துக்குப் போய் 2-1 என்று ஜெயித்துத்தான் பெனால்டி வரை கொண்டுபோனார்கள். இந்த இரண்டையும் மனம் தளர்ந்தவர்கள் செய்ய முடியாது. டாக்டரிடம் போகும் நோயாளி ஒவ்வொரு முறையும் வேறு வேறு அறிகுறி சொன்னால், ஒரே நோய் என்று எழுதுவதற்கு அவர் தயங்குவார் இல்லையா? எனக்கும் அந்தத் தயக்கம்தான்.

இனி சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி. என் கணக்குகளுக்கு அடங்காமல் என்னை உறுத்தும் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து இறுதிப்போட்டிகள், 2012-ன் கூடுதல் நேரத்தையும் சேர்த்து 480 நிமிடம். எட்டு மணி நேரக் கால்பந்து. அதில் யுனைடெட் அடித்தது ஒரே ஒரு கோல், 2025-ல் கேம்பல் அடித்தது. முதல் நான்கு இறுதியிலும் ஒன்றுமில்லை. வாங்கிய கோல்கள் ஏழுதான், அதிலும் மூன்று ஒரே ஆட்டத்தில். அதாவது இந்த அணி இறுதியில் இடிந்து விழவில்லை, கோல் அடிக்க முடியாமல் போனது. எல்லாரும் கடைசி நிமிட கோல்களைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் ஹாப்கின் அடிப்பதற்கு முன்னால் இருந்த 89 நிமிடங்களில் யுனைடெட் என்ன செய்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் கோல் அடிக்காமல் போவது சாதாரணம், மூன்று நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை யாருக்கும் நடக்கும். இறுதிப்போட்டிகளில் எல்லாரும் பயந்து பயந்து ஆடுவதால் இன்னும் அதிகமாகவே நடக்கும். ஆனால் தொடர்ந்து நான்கு முறை என்பது நாணயக் கணக்கைவிட அரிது. இதில் கொஞ்சம் காரணம் இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

என்ன காரணம்? ஒரு பகுதி சாதாரண நிர்வாக விஷயம். 1998 ஜனவரியில் ஒரே நாளில் பிரையன் டீன், யான் ஆகே ஃபியோர்டாஃப்ட் என்ற இரண்டு முக்கிய ஸ்ட்ரைக்கர்களையும் யுனைடெட் விற்றுவிட்டது. சீசன் நடுவில் கோல் அடிக்கும் இருவரையும் அனுப்பிவிட்டு மே மாதம் அரையிறுதியில் தோற்றால் அது விதியின் வேலை இல்லை. 2012-ல் அந்த சீசனில் 35 கோல் அடித்த முன்னணி வீரர் கடைசி ஆட்டங்களில் அணியில் இல்லை. 2022-ல் கேப்டன் பில்லி ஷார்ப் காயத்தால் பிளேஆஃபில் ஆடவில்லை. பிளேஆஃபுக்கு வரும்போது ஸ்ட்ரைக்கர் கையில் இல்லாமல் வருவது இந்த அணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்திருக்கிறது. ஆனால் 2003-க்கும் 2009-க்கும் இந்த விளக்கம் பொருந்தாது. அதனால் இதையே முழு விடையாகத் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

இன்னொரு பகுதி, மூன்றாம் இடத்தின் களைப்பு. நான்கு முறை யுனைடெட் மூன்றாம் இடத்திலிருந்து பிளேஆஃபுக்கு வந்தது: 2003, 2009, 2012, 2025. அதில் 2003-ஐத் தவிர மற்ற மூன்றிலும் நேரடி ஏற்றம் கடைசி வாரங்களில் கை நழுவியது. 2009-ல் கடைசி நாள் வரை இரண்டாம் இடத்துக்கு வாய்ப்பு இருந்தது. 2025-ல் ஏப்ரல் தொடக்கத்தில் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார்கள். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, மில்வால், பிளிமத் என்று வரிசையாக மூன்று தோல்வி, சில நாளில் பர்ன்லியிடமும் தோல்வி. அப்படிப்பட்ட அணிக்குள் என்ன நடக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அணி கடைசி வாரத்தில் நேரடி ஏற்றத்தைத் தவறவிட்டது. திங்கட்கிழமை காலை பயிற்சிக் கூடத்துக்கு எதிரணியின் வீடியோவைத் தயார் செய்து எடுத்துப் போயிருந்தேன். இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு நிமிட வீடியோ ஓடி முடிந்தது, ஒரு கேள்விகூட வரவில்லை. முந்தைய மாதம்வரை என்னை நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள்தான். அவர்கள் பயப்படவில்லை, ஏற்கெனவே ஒரு முறை துக்கம் அனுசரித்து முடித்திருந்தார்கள். அதே நேரத்தில், கடைசி வாரத்தில் எட்டிப்பிடித்து ஆறாம் இடத்துக்கு வரும் அணி துள்ளிக்கொண்டு வருகிறது. இதை நான் நம்புகிறேன். ஆனால் நிரூபிக்க முடியுமா என்றால், இல்லை. 2025-ல் நான்கு தோல்விக்குப் பிறகும் அரையிறுதியை 6-0 என்று ஜெயித்தார்களே, களைப்பு அங்கே எங்கே போனது? இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, நீங்கள் உண்மையில் கேட்ட அந்தச் சட்டைக் கேள்வி. கெய்ர் ஜோர்டெட் என்ற நார்வே நாட்டு ஆய்வாளர் பெனால்டி உதைகளைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின் முடிவு இதுதான்: முந்தைய பெனால்டி சுற்றுகளில் தோற்றுப் பழகிய அணிகளின் ஆட்டக்காரர்கள் பெனால்டியை அதிகம் தவறவிடுகிறார்கள், அந்த முந்தைய தோல்விகளில் அவர்கள் ஆடியிருக்காவிட்டாலும்கூட. முதன்முதலில் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான ஆதாரம் அதுதான். ஆனால் அது உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை போன்ற பெரிய போட்டிகளை வைத்துச் செய்தது. இங்கிலாந்துக்கு ஆடும் பையன் சின்ன வயதிலிருந்தே இங்கிலாந்தின் பெனால்டி சோகங்களைக் கேட்டு வளர்ந்தவன். கிளப் அணி அப்படி இல்லை. 2025-ல் ஆடியவர்களில் பலர் யுனைடெட்டுக்கு வந்தே ஒன்றிரண்டு வருடம்தான். 1997-ல் சிலர் பிறக்கவே இல்லை. ஹாப்கின் யார் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். நான் பழகிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு, தாங்கள் ஆடும் கிளப்பின் பழைய தோல்விகள் தெரியாது, யாராவது பேட்டியில் கேட்டால் தவிர. நினைவு வைத்திருப்பது கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள்.

ஆனால் அதையும் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. 1-0 என்று முன்னிலையில் இருக்கும்போது, எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு முப்பதாயிரம் பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டால், களத்தில் இருப்பவருக்கு அது கேட்கும். அந்த அமைதி ஆட்டக்காரர்களைப் பின்னால் இழுக்குமா? இழுக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது. அதற்கு எவ்வளவு எடை என்று எண் போட என்னால் முடியவில்லை. உடைமாற்றும் அறைக்குள் இருந்தவர்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன். ஐந்து ஆட்டங்களில் இவ்வளவு நுட்பமான ஒன்றை எந்தப் புள்ளியியலாலும் பிரித்தெடுக்க முடியாது. என் மதிப்பீட்டைக் கேட்டால், பெரும்பங்கு போட்டியின் அமைப்பும் தற்செயலும். அடுத்த பங்கு, மே மாதத்தில் கையில் ஸ்ட்ரைக்கர் இல்லாததும் ஏப்ரல் களைப்பும். பழைய தோல்வியின் நிழலுக்கு, இருந்தால், கடைசியில் ஒரு சிறு இடம்.

இனி உங்கள் மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அழாதே என்று சொல்லாதீர்கள். 95-வது நிமிடத்தில் தோற்றால் அழத்தான் வேண்டும், அந்த பப்பில் நானும் அழுதேன். சாபம் என்ற சொல்லை மட்டும் அவனோடு உட்கார்ந்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். ஒரு தாளை எடுத்து இடது பக்கம் பத்து பிளேஆஃப் வருடங்களையும் எழுதச் சொல்லுங்கள். வலது பக்கம் 1989, 1990, 2006, 2017, 2019, 2023 என்று எழுதச் சொல்லுங்கள். அவை பிளேஆஃப் இல்லாமல், சீசன் முழுக்க ஆடி நேராக ஏறிய வருடங்கள். அதன் பிறகு, அடுத்த முறை பிளேஆஃபுக்கு வந்தால் ஜெயிப்போமா என்று அவன் கேட்பான். நான்கு அணிகளில் ஒன்று என்ற அந்த விதிப்படி நூற்றுக்கு இருபத்தைந்து வாய்ப்பு, மூன்றாம் இடத்தில் முடித்திருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூட என்று சொல்லுங்கள். 2025-ல் ஆட்டம் தொடங்குவதற்கு முன் என்னைக் கேட்டிருந்தாலும், பத்தாவது முறையாயிற்றே என்று ஒரு சதவீதத்தைக்கூடக் குறைத்திருக்க மாட்டேன். பதினோராவது முறையும் குறைக்க மாட்டேன்.